ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நான்கு. இன்னொன்று, என் நாத்தனார் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. ஐந்தில் ஒன்றைக்கூட நான் பசியோடு படுக்க வைத்ததில்லை. யார் வாசலிலும் போய் நின்றதும் இல்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், கோடு போட்ட தாளில்கூட ஏறி இறங்கும். இருக்கட்டும். நான் மெதுவாக எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

என் கடைசி மகள் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினாள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் ஏன் பூட்டினாள் என்பதை முதலில் எழுதாவிட்டால் நான் பயந்தது யாருக்கும் விளங்காது.

அவள் கட்டடப் படம் வரைகிற டிப்ளமா படித்தவள். கல்யாணம் ஆனதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, போன ஐப்பசி மழையில், பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து சேலையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பை நிறையப் பிள்ளையின் புத்தகங்கள். அவளுக்கென்று மாற்றுப் புடவை ஒன்றுகூட இல்லை. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பேத்திதான் என் கிட்டே வந்து சொன்னாள்.

"ஆயா, அம்மாவுக்கு அந்தப் பக்கக் காது இப்ப கேக்கறதில்ல. இந்தப் பக்கம் வந்து கூப்புடு."

யார் அடித்து அப்படி ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு மாடியில் என் பெரிய மகன் குடியிருக்கிறான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். கெட்டவன் இல்லை. தெருவில் நாலு பேர் நின்று பேசினால் நம்மைத்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறவன். தை பிறந்ததும் கடைசி மகளின் வீட்டுக்காரர், என் மருமகன், அவனுக்குப் போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் அக்காவோடு வந்து மரியாதையாக அழைத்துப் போகிறேன், நடந்ததை மறந்துவிடலாம் என்றார். மகன் சரி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தான்.

"நான் போகமாட்டேண்ணா," என்றாள் மகள்.

"போகலன்னா இன்னா பண்ணுவ? நான் கீறவரைக்கும் ஒரு வாய் சோறு போடுவேன். அப்புறம்?"

"வேலை பாப்பேன். பல்லாவரத்துல ஒரு பிளான் ஆபீஸ் இருக்கு. என்கூடப் படிச்சவ அங்க இருக்கா. வீட்ல இருந்தே வரைஞ்சு குடுக்கலாம்."

வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று, ஜன்னல் முதல் வாசல் செடி வரை, கலரில் காட்டுகிற வேலையாம் அது. சாதாரண மடிக்கணினி அதைத் தாங்காதாம். பெரிய கம்ப்யூட்டர் சொந்தமாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஒரு மாதிரி வேலை அனுப்புவார்கள், அன்று சாயங்காலத்துக்குள் முடித்து அனுப்பினால் சேர்த்துக்கொள்வார்கள்.

மகன் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்.

"இன்னா பண்றேன்னு கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழம அவங்க வரும்போது அந்த மெஷினு ஓடிக்கினு இருக்கணும். இருந்துச்சுன்னா நானே மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன், அனுப்பமாட்டேன்னு. இல்லன்னா நீ வாயத் தொறக்காம கெளம்பிடணும். ஒத்துக்கறியா?"

அவள் ஒத்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். என் கைவளை இரண்டும் போயின. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் உதிரியாக வாங்கி வந்தாள். கடையிலேயே பூட்டிக் கொடுப்பார்களே என்று கேட்டேன். "நான் பூட்டினாத்தான்மா எனக்குக் கழட்டத் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எவனையும் கெஞ்சக் கூடாது," என்றாள். அது என் பேச்சு. அவள் வாயில் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, டப்பாக்களைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் ஒரு ஆள் எப்படிப் பூட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தான். ஷாக் அடிக்கும் என்று நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் போட்டுக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னேன்: கவரைப் பிரிக்காதே. எங்கள் வீட்டில் எதையும் அப்படிப் பிரிக்க மாட்டோம். ஃபிரிஜ்ஜின் கைப்பிடியில் வந்த பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கிறது, மகனின் வண்டி சீட்டும் அப்படித்தான். இதற்கோ காரணமும் இருந்தது. நாளைக்கு ஓடவில்லை என்றால் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், கவர் கிழிந்திருந்தால் நீ உபயோகித்துவிட்டாய் என்பான். அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். பூட்டுவதற்குக் கட்டாயம் எதைப் பிரிக்க வேண்டுமோ அதை மட்டும் பிரித்தாள். மீதி எல்லாம் வந்தபடியே இருந்தது.

பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பூட்டி முடித்ததும் பெட்டியின் தலையில் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். அவள் பின்பக்கம் கையை விட்டு ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

உள்ளே விசிறிகள் சுற்றின. சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது. பேத்தி கைதட்டினாள். மானிட்டரில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது, ஏதோ இங்கிலீஷ் எழுத்து. பிறகு அதுவும் போய்விட்டது. திரை கறுப்பாகிவிட்டது.

"இன்னாடி எழுதியிருந்துது?"

"சிக்னல் வரலைன்னு."

"அப்படின்னா?"

"ஒரு நிமிஷம் இருமா."

அந்த ஒரு நிமிஷம் அன்று முழுக்க நீண்டது. அணைத்துவிட்டுப் போட்டாள். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். விசிறி ஓடியது, வெளிச்சம் ஓடியது, திரை மட்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தது. பெட்டியின் தலையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தேன். அதில் ஒரு துளி உள்ளே விழுந்திருக்குமோ.

"நான் வச்ச குங்குமமாடி?"

"இல்லமா. அது வெளியில இருக்கு. அதனால ஒண்ணும் ஆகாது."

நான் நம்பவில்லை. அவள் பார்க்காதபோது முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு, வைத்ததைத் துடைத்தது அதைவிடத் தப்போ என்று வேறு பயம் வந்தது.

கடைக்குப் போன் செய்தாள். ஒரு காதுதான் என்பதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், எனக்கும் எல்லாம் கேட்டது.

"சார், ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல."

"ரேம்தான் மேடம். கழட்டி, ரப்பர் வச்சு நல்லா தேச்சுட்டு, திருப்பிப் போடுங்க. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும். சத்தம் வரலன்னா உக்காரலன்னு அர்த்தம்."

பேத்தியின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, அந்தச் சின்னப் பட்டையின் பொன் நிறப் பற்களைத் தேய்த்தாள். திருப்பி வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். பலகை வளைந்தது. டக். எனக்கு அது எலும்பு முறிகிற சத்தம் மாதிரி இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு டக். சுவிட்ச். விசிறி ஓடியது. திரை கறுப்பு.

மறுபடி போன். அந்தக் கடைப் பையன் அலுத்துக்கொள்ளாமல்தான் சொன்னான். உள்ளே ஒரு காசு மாதிரி பேட்டரி இருக்கும், அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துப் போடுங்கள் என்றான். போட்டாள். கரண்ட் ஒயர் ஒவ்வொன்றையும் பிடுங்கி அமுக்கிப் பாருங்கள் என்றான். பார்த்தாள். கடைசியில், "அப்ப எடுத்துட்டு வந்துடுங்க மேடம், செக் பண்ணிடலாம். இன்னிக்கு செக் பண்ற ஆள் இல்ல, நாளைக்கு கடை சாத்திடறோம், எங்க ஓனர் வூட்ல விசேஷம். ஞாயிறு லீவு. திங்கக்கெழம பதினோரு மணிக்கு மேல வாங்க," என்றான்.

திங்கட்கிழமை பதினோரு மணி. அதற்குள் அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சமையலறையில் இருப்பாள். இன்னொரு காது மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மகன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தான்.

"ஓடுதா?"

"ஓடுது. டிஸ்ப்ளே வரல."

"வரலன்னா அதுக்குப் பேரு ஓடறதா? ஏமாத்தி அனுப்பிட்டானுங்க. பழசத் தொடச்சுக் குடுத்திருப்பானுங்க."

"எல்லாம் புதுசுண்ணா. பாரு, சீல் எல்லாம் நான்தான் ஒடச்சேன்."

"நீ ஒடச்சதுதான் போச்சோ இன்னமோ," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். பிறகு மருமகளிடம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அனுப்பினான். அவன் அப்படித்தான்.

சனிக்கிழமை அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயம். ஐப்பசியில் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தாள், சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். இந்த வேலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு திரும்பியிருந்தது.

மத்தியானம் திடீரென்று எழுந்து, கூடத்து டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த கேபிள் பெட்டியை எடுத்து வந்தாள். மானிட்டரில் இருந்த அதே ஒயரை அந்தப் பெட்டியில் சொருகினாள். திரை பளிச்சென்று ஆனது. யாரோ ஒரு அம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கும்பிட்டுவிட்டேன்.

"வந்துடுச்சேடி."

"மானிட்டர் நல்லா இருக்குன்னு தெரியுது. ஒயரும் நல்லா இருக்கு. அப்ப கோளாறு பெட்டிக்குள்ளதான்." அவள் குரலில் ஒன்றும் இல்லை. வெண்டைக்காய் நறுக்கிய அம்மாளை அணைத்துவிட்டு ஒயரைப் பழையபடி கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் மாட்டினாள். அந்த ஒயருக்கு ஏற்ற ஓட்டை அங்கே ஒன்றுதான் திறந்திருந்தது, கண்ணால் பார்க்காமல் தடவியே மாட்டினாள்.

பிறகு கீபோர்டில் ஓரமாக இருந்த ஒரு சாவியைத் தட்டினாள். மூலையில் புள்ளி மாதிரி ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினாள், அணைந்தது. தட்டினாள், எரிந்தது. அப்படியே தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"உள்ள உயிர் இருக்குமா. நான் சொல்றது அதுக்குக் கேக்குது. செத்திருந்தா இந்த லைட்டு இப்படி மாறாது. எல்லாம் நடந்துகிட்டுதான் இருக்கு, வெளியில தெரியல."

உயிர் இருக்கிறது என்று கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. செத்துப்போயிருந்தால் இரண்டு அழுகையோடு முடிந்துவிடும். உயிரோடு இருந்துகொண்டு கண்ணைத் திறக்காத ஆளை என்ன செய்வது?

பொழுது சாய்ந்தபோது நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். அவள் பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் கொண்டு வந்த அதே பை. அடியில் புத்தகம், மேலே சட்டை. என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. நானும் நிறுத்து என்று சொல்லவில்லை. வாக்கு கொடுத்தது மூன்று பேரும் சேர்ந்துதானே. சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் வந்தார்கள். மருமகனும் அவருடைய அக்காவும். ஆப்பிள், சாத்துக்குடி, இரண்டு முழம் மல்லிகை எல்லாம் தட்டில் வைத்து எடுத்து வந்தார்கள். மகன் மாடியிலிருந்து வேட்டியை மாற்றிக்கொண்டு இறங்கினான். "வாங்க மாப்ள, வாங்கக்கா," என்றான். நான் காபி போடப் போவதற்கு முன் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டேன். எனக்குச் சுவிட்ச் போடத்தான் தெரியும். விசிறி சத்தமாவது கேட்கட்டும் என்று.

மருமகன் என் மகளைப் பார்த்து, "கெளம்பிட்டியா?" என்றார். கடைக்குப் போகலாமா என்கிற மாதிரிதான் கேட்டார். அந்த அமைதியான குரல் எனக்குப் பயம். கத்துகிற மனுஷனை எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரே கத்துவார். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

அக்காக்காரி காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"எங்க அந்த கம்ப்யூட்டரு? உங்க அண்ணன் அப்புறம் போன் பண்ணி பெரிசா சொன்னாரே, தங்கச்சி வேலைக்குப் போகப் போவுதுன்னு."

"தோ, ஓடிக்கினு கீதே," என்றேன். "சத்தம் கேக்குதில்ல."

"சத்தம் மிக்ஸியிலகூடத்தான் வருது அத்த. படம் எங்க?"

"இப்பதான் வேல முடிச்சு திரைய அணைச்சுது."

பொய்தான். எழுபத்திரண்டு வயதில் கூசாமல் சொன்னேன். என் மகன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

அக்காக்காரி குனிந்து மானிட்டர் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் சுரண்டினாள். பெட்டியின் கண்ணாடியைத் தடவினாள். சிரித்தாள்.

"தம்பி, இங்க வந்து பாருடா. கவரே பிரிக்கல. பிரிக்காத பொட்டியில இன்னா வேல பாத்தாளாம்? திருப்பிக் குடுக்கற சாமான் மாதிரி பத்திரமா வச்சிருக்கா. அவளுக்கே தெரியும், நீ வந்து கூப்ட்டா கெளம்பணும்னு. அதான் பிரிக்கல."

மருமகனும் சிரித்தார்.

என் மகள் அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். நடந்து வந்து மானிட்டரின் மூலையில் நகத்தைக் கொடுத்து அந்தத் தாளை ஒரே இழுப்பில் உரித்தாள். கிழிகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கண்ணாடியின் மேல் இருந்ததை உரித்தாள். கீபோர்டை, ஒயரின் மேல் சுற்றியிருந்ததை, பெட்டியின் காலில் இருந்ததை. எல்லாம் தரையில் விழுந்தன. எனக்கு, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் எதையாவது உரிக்கத் தேடி விரலால் தடவினாள். தடவிய விரல் நின்றுவிட்டது.

மண்டியிட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, டார்ச் எடு."

எடுத்து வந்து அடித்தேன். அவள் முன்பு ஒயர் மாட்டியிருந்த ஓட்டைக்குக் கீழே, படுக்கை வாட்டத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. ஓட்டை என்று வெளிச்சத்தில்தான் தெரிந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் தூசி போகாமல் இருக்கக் கம்பெனிக்காரன் வைத்த கறுப்பு ரப்பர் மூடி. பெட்டியும் கறுப்பு, மூடியும் கறுப்பு.

அவள் பிறகு எனக்கு விளக்கிச் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். படத்தை உண்டாக்குவது தனியாக ஒரு கார்டு. இந்த வரைகிற வேலைக்காகவே வாங்கிப் பூட்டியது. படம் அந்தக் கார்டின் ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். மேலே இருக்கும் ஓட்டை வேறு பலகையுடையது, எங்கள் பெட்டியில் அதன் வழியாகப் படம் வராது. நாங்கள் எதையும் பிரிக்கக் கூடாது என்று இருந்ததால் கார்டின் ஓட்டைகள் மூடியே கிடந்தன. ஒயர், திறந்திருந்த இடத்துக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து படம் உள்ளே வந்து வந்து நின்றிருக்கிறது. ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. ரேமைத் தேய்த்ததும் பேட்டரியைக் கழற்றியதும் வீண் வேலை.

அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, அவள் நகத்தால் ஒரு மூடியை நெம்பி எடுத்து, ஒயரைக் கீழே மாற்றிச் சொருகியதைத்தான். சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். விசிறி ஓடியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"போதும்," என்றார் மருமகன். "விளையாட்டு போதும். பையை எடு."

எழுந்து சுவரில் இருந்த சுவிட்ச் போர்டுக்கு வந்தார், அணைப்பதற்கு. நான் பக்கத்தில் டார்ச்சோடு நின்றிருந்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கையைச் சுவிட்ச் மேல் வைத்து மூடினேன். அவர் பின்வாங்கவில்லை. என் கைமேல் அவர் கை வந்தது. அமுக்கினார். பெரிய அமுக்கல் இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் விரல் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. அவர் முகம் அமைதியாகவே இருந்தது. பன்னிரண்டு வருஷம் என் மகள் பார்த்த முகம் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது, பொய் சொல்லவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை.

அவர் கன்னத்தில் திடீரென்று வெளிச்சம் விழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். திரை நிறைய இங்கிலீஷ் எழுத்து. வெள்ளை எழுத்து, ஓரத்தில் கட்டம் கட்டமாக. எனக்குப் படிக்கத் தெரியாது. அது நல்லதா, கெட்டதா, ஏதாவது எரிந்துபோய்விட்டது என்று எழுதியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் படித்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது.

"வந்துடுச்சு," என்றாள். அவ்வளவு சின்னக் குரலில். "நான் போட்டது எல்லாத்தையும் பேர் சொல்லுது. ரேம், கார்டு, எல்லாம்."

"இன்னா வந்துது? வெறும் எழுத்து," என்றாள் அக்காக்காரி. "கணக்குப் பரீட்சையாட்டம் கீது."

என் மகன் ஜன்னலை விட்டு வந்தான். திரையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். அப்போதுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"மாப்ள, கைய எடுங்க."

"சும்மா சுவிட்ச அணைக்கலாம்னு, மச்சான்."

"அடியில இருக்கறது எங்கம்மா கை. எடுங்க."

எடுத்தார்.

"அக்கா, எனக்கும் இங்கிலீஷு அரகொறதான்," என்றான் மகன். "அது எழுத்தோ படமோ, எனக்கு வேணாம். ஓடுச்சுன்னா அனுப்பமாட்டேன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லியிருந்தேன். ஓடிடுச்சு. தட்டை எடுத்துக்குங்க."

அவனை நான் பெற்றதற்கு அன்று சந்தோஷப்பட்டேன், அதை அவனிடம் இதுவரை சொல்லவில்லை.

மருமகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேத்தியைக் கூப்பிட்டார். "நீ வரியா? கார்ல முன்னாடி உக்காரலாம்." பிள்ளை என் பின்னால் நின்றிருந்தது. என் புடவையை விட்டுவிட்டு அம்மாவின் கேட்கிற பக்கம் போய், எம்பி நின்று காதில் ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. என் மகள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் உள்ளறைக்குப் போய்விட்டார்கள். கார் கிளம்பிப்போன பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அந்த மாதிரி வேலையை முடித்து அனுப்பினாள். படிக்கட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுபடி செய்தாள். சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஆடி மாதம். யாரோ முகம் தெரியாதவர்களுடைய வீடுகள் எங்கள் கூடத்தில் கலர் கலராக எழும்பிக்கொண்டே இருக்கின்றன.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். காலையில் அவள் சுவிட்ச் போட்டு, திரை வெளுக்கிறவரை நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். தெருவில் கார் நின்றால் எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். போன மாதம் அவர், பேத்தியைப் பள்ளிக்கூட வாசலில் தூரத்திலிருந்து பார்த்ததாக மகனுக்குச் சொல்லியனுப்பினார். பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னார். அன்றிலிருந்து பள்ளி விடுகிற நேரத்துக்கு நான் கேம்ப் ரோட்டில் போய் நிற்கிறேன். வெயிலோ மழையோ, குடையோடு நிற்கிறேன். என்னை மீறி அவர் கை நீளட்டும், பார்க்கலாம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உள்ளே வேறு.

அதனால்தான் எழுதினேன். எங்களுக்குள் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறோம். என் மகன் சொல்லும்போது அவன் முதலிலிருந்தே எங்கள் பக்கம் இருந்த மாதிரி வருகிறது. நாளைக்கு யாராவது வந்து உன் அம்மா ஏன் போகவில்லை என்று இந்தப் பிள்ளையைக் கேட்டால், அதற்கு நடந்தது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே வா கண்ணு. பென்சிலை வைத்துவிட்டேன், விரல் வலிக்கிறது. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு. உன் அப்பா வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும் போல இருந்தால் நிறுத்து, நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னதை நான் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் சொல்லு, திருத்திவிடலாம். நீயும் அங்கே இருந்தாயே. ம், படி.